84 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கார்: லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஜீரோ வண்டியா, சிலையா?

#1 மூன்றாம்_கியர்

எல்லாருக்கும் வணக்கம். இத்தாலிய கார் கம்பெனியான லான்சியாவைப் பற்றிய பழைய இழையில் ஒருவர், "கான்செப்ட் கார் எல்லாம் கண்காட்சியில் நிறுத்தி வைக்கிற பொம்மை, அதைக் கார் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்று எழுதியிருந்தார். விற்பதற்கு அல்லாமல் ஒரு புது எண்ணத்தைக் காட்டவே செய்கிற இந்தக் கான்செப்ட் கார்களில் நிறையவற்றுக்கு அது பொருந்தும்தான். எஞ்சினே இல்லாமல் தள்ளிக்கொண்டு போய் மேடையில் ஏற்றிய வண்டிகள் எத்தனையோ உண்டு. ஆனால் ஸ்ட்ராட்டோஸ் ஜீரோவையும் அந்தக் கணக்கில் தள்ளிவிட எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால்தான் இந்தத் தனி இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970 அக்டோபர் கடைசியில் டுரின் மோட்டார் கண்காட்சியில் பெர்டோனே வைத்த வண்டி இது. பெர்டோனே 1912ல் ஆரம்பித்த பட்டறை. சேஸிஸும் எஞ்சினும் வேறு கம்பெனியுடையதாக இருக்கும், அதன்மேல் பாடி கட்டிக்கொடுப்பதுதான் இவர்கள் தொழில். இதை வரைந்தவர் மார்செல்லோ காந்தினி. லம்போர்கினியின் மியூராவும் கவுன்டாஷும் வரைந்த அதே கை. செய்தது ஒன்றே ஒன்று. நீளம் 3.58 மீட்டர், அகலம் 1.87 மீட்டர், உயரம் 84 சென்டிமீட்டர். வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிட அரைச் சாண்தான் கூடுதல். பக்கத்தில் கதவு கிடையாது. முன்கண்ணாடிதான் கதவு, அது மேல்நோக்கித் திறக்கும், ஸ்டீயரிங் தண்டு முன்பக்கமாகச் சாய்ந்து வழிவிடும், மூக்கின் மேல் விரித்திருக்கிற கறுப்பு ரப்பர் விரிப்பில் கால்வைத்து ஏறி உள்ளே இறங்கிப் படுத்த மாதிரி உட்கார வேண்டும்.

இதுவரை கேட்டால் சிலை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு விபத்தில் அடிபட்ட லான்சியா ஃபுல்வியா 1.6 ஹெச்எஃப்-இலிருந்து எடுத்த வி4 எஞ்சின் இருக்கிறது. 1584 சிசி, 115 குதிரைத்திறன். ஃபுல்வியா முன்சக்கர இழுவை வண்டி. அதன் முன்பக்கத்தில் இருந்த எஞ்சினைத் தூக்கி ஜீரோவில் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். V வடிவில் நாலு சிலிண்டர் உள்ள அந்த வி4 மிகக் குறுகலான கோணம் கொண்டது, ஃபுல்வியாவிலேயே 45 டிகிரி சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும். உயரத்தை இவ்வளவு குறைக்க நினைக்கிற ஒருவருக்கு இந்த மாதிரி ஒரு எஞ்சின் கிடைத்தது பெரிய விஷயம்.

அப்புறம் எல்லாரும் சொல்கிற அந்தக் கதை. அப்போது லான்சியாவின் நல்ல வேலையெல்லாம் பினின்ஃபரினா, ஸகாட்டோ என்ற வேறு பட்டறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது, பெர்டோனேவுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1969ல் லான்சியா ஃபியட் கைக்குப் போனது. கண்காட்சி முடிந்தபிறகு 1971 பிப்ரவரியில், வண்டியைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று லான்சியாவிலிருந்து கூப்பிட்டார்கள். பட்டறையின் தலைவர் நூச்சியோ பெர்டோனே அதை லாரியில் ஏற்றவில்லை, தானே ஓட்டிக்கொண்டு போனார். லான்சியா தலைமையகத்தின் வாசலில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. அவர் நிறுத்தவில்லை, கட்டைக்கு அடியிலேயே ஓட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்ததுதான் ராலிப் பந்தயத்துக்கென்று லான்சியா செய்த ராலி ஸ்ட்ராட்டோஸ்.

ஒரு பொம்மையால் இதைச் செய்ய முடியாது என்பதுதான் என் வாதம். ஓடுகிற வண்டியாக இருந்ததால்தான் அந்த வாசலைத் தாண்டியது. அதே 1970ல் பினின்ஃபரினாவும் டுரினில் மொடுலோ என்ற கான்செப்ட் காரை வைத்தார்கள், அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அதனால் இந்த வேலை நடந்திருக்காது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 ராலிப்பிரியன்

நல்ல இழை, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜீரோவையும் ராலி ஸ்ட்ராட்டோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் வேறு: அதில் ஃபுல்வியாவின் நாலு சிலிண்டர், இதில் ஃபெராரி டீனோவின் 2418 சிசி வி6, ரோட்டு வண்டியிலேயே 190 குதிரைத்திறன். உயரம் ஏறக்குறைய 1.11 மீட்டர், அதாவது 27 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. கதவு பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு தகடுகூடப் பொதுவில் கிடையாது. பொதுவாக இருப்பது பெயரும், எஞ்சின் நடுவில் என்ற எண்ணமும், வரைந்த ஆளும்.

லான்சியாவுக்கு ஒரு புது ராலி வண்டி தேவை என்பது ஜீரோ வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். பந்தயப் பிரிவின் தலைவர் சேசரே ஃபியோரியோவுக்கு ஃபுல்வியாவின் எல்லை எது என்று நன்றாகவே தெரியும். (அந்த ஃபுல்வியாவை வைத்தே 1972 மான்டி கார்லோ ராலியை சாண்ட்ரோ முனாரி ஜெயித்தார், அது வேறு.) ராலிக்கென்றே முதலிலிருந்து வடிவமைத்த ஒரு வண்டி வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1974, 75, 76 என்று மூன்று உலகப் பட்டங்களை வாங்கிக்கொடுத்தது அந்தப் பிடிவாதம், முன்கண்ணாடி வழியாக ஏறுகிற கார் அல்ல.

மனசில் பட்டதைச் சொல்லிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. ஜீரோ அழகுதான். ஆனால் ராலி ஸ்ட்ராட்டோஸின் பெருமையை எடுத்து அதற்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

#3 களிமண்_மாதிரி

நான் வடிவமைப்பு படிக்கிறேன், களிமண்ணில் மாதிரி செய்வதுதான் தினசரி வேலை. முதலில் ஒரு திருத்தம் அண்ணா: மொடுலோ முதலில் வந்தது டுரினில் அல்ல, 1970 மார்ச்சில் ஜெனீவாவில். வரைந்தவர் பாவ்லோ மார்ட்டின். உயரம் 93.5 சென்டிமீட்டர். அதற்கு முன்னால் 1968ல் பாரிஸில் வந்த ஆல்ஃபா ரோமியோ கராபோ, அதுவும் பெர்டோனே பட்டறையில் காந்தினி செய்தது, 99 சென்டிமீட்டர். அப்புறம் ஜீரோ 84. இரண்டே வருடத்தில் 15 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. யார் இன்னும் தாழ்த்துவது என்று டுரின் பட்டறைகளுக்குள் பெரிய போட்டியே நடந்த காலம் அது.

ஆனால் உயரத்தை வைத்து மட்டும் இதைப் பேசினால் காந்தினியின் வேலை நம் கண்ணில் படாது. ஜீரோவைப் பக்கவாட்டில் பாருங்கள், மூக்கு நுனியிலிருந்து கூரை வரை ஒரே சரிவு. பானெட் எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே ஆரம்பிக்கிறது என்று கண் எங்கேயும் தடுக்கி நிற்பதில்லை. பின்னால் எஞ்சின் மேல் முக்கோணமாக ஒரு மூடி, வரி வரியாகக் காற்றுப் பிளவுகள். மியூராவில் அதே காந்தினி போட்ட கோடுகள் எல்லாம் வளைவு, தசை மாதிரி. நாலே வருடத்தில் அந்த மொழியை முழுக்க விட்டுவிட்டு இந்த ஆப்பு வடிவத்துக்கு வந்திருக்கிறார். நான் ஒரு வளைவை மாற்றவே இரண்டு வாரம் தவிக்கிறவன், தனக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பாணியையே ஒருவர் இப்படி விட்டுவிட முடியும் என்பதை யோசித்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. 2024 மார்ச்சில் அவர் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் வகுப்பில் ஜீரோவின் பக்கவாட்டுக் கோட்டைத்தான் கரும்பலகையில் வரைந்து வைத்தோம்.

ராலிப்பிரியன் அண்ணா, ஒரு தகடுகூடப் பொதுவில் இல்லை என்பது உண்மை. ஆனால் ராலி வண்டியின் முன்கண்ணாடியைப் பாருங்கள், ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி மாதிரி, ஒரு உருளையிலிருந்து வெட்டி எடுத்த துண்டாக, பக்கத்துக் கண்ணாடியோடு ஒரே பட்டையாக ஓடும். குட்டையான நீளம், பின்சக்கரத்துக்குமேல் வந்து முடிகிற உடம்பு, இந்த அளவுவிகிதம் எல்லாம் எங்கே பழகியது? ஜீரோவின் சக்கர இடைவெளி 2.22 மீட்டர், ராலி வண்டியுடையது 2.18. கிட்டத்தட்ட ஒரே எலும்புதான்.

#4 வண்ணப்பட்டறை

தம்பி சொன்ன சரிவைப் பற்றி டிங்கரிங், பெயின்டிங் செய்கிற ஆளாக நானும் ஒன்று சொல்கிறேன். இருபத்தாறு வருடமாக இந்த வேலை.

இப்படி ஒரு நீளமான சமதளத்தை அலை விழாமல் கொண்டுவருவதுதான் எங்கள் தொழிலிலேயே கஷ்டமானது. வளைவில் சின்னத் தப்பு இருந்தால் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போய்விடும், யாருக்கும் தெரியாது. தட்டையான இடத்தில் நகக்கண் அளவு பள்ளம் இருந்தாலும் ட்யூப்லைட்டைத் தூக்கிப் பிடித்தவுடன் பளிச்சென்று தெரிந்துவிடும், பட்டி போட்டுத் தேய்த்து மறுபடியும் பட்டி போட்டுத் தேய்க்க வேண்டும். ஜீரோவில் மூக்கிலிருந்து கூரை வரை ஒரே சரிவு, அதன்மேல் மின்னுகிற வெண்கல நிறம். மெட்டாலிக் பெயின்ட் சமதளத்தில் ஒரு இடத்தில் திட்டாக விழுந்தாலும் அந்தப் பகுதியையே மறுபடி அடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதைச் செய்த டுரின் தொழிலாளிகள் யார் யார் என்று எந்தப் புத்தகத்திலும் பெயர் போடுவதில்லை, எனக்கு அந்த வருத்தம் எப்போதும் உண்டு.

நிறத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. இடையில் இந்த வண்டிக்கு வெள்ளி நிறம் அடித்திருந்தார்கள். 1988ல் வந்த மைக்கேல் ஜாக்சன் படத்தில் தெரிவது அந்த வெள்ளி நிறம்தான். 2000த்தில் பழையபடி வெண்கலத்துக்கே கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால் வெள்ளியில் அது விண்கலம் மாதிரி இருந்தது, வெண்கலத்தில்தான் கையால் செய்த பொருள் மாதிரி இருக்கிறது.

விளக்குகளையும் கவனியுங்கள். முன்னால் மெலிசான ஒரு பட்டைக்குள் வரிசையாகப் பத்து 55 வாட் பல்புகள், பின்னால் வெட்டிவிட்ட வால் ஓரம் முழுக்க 84 குட்டிப் பல்புகள். இன்றைக்கு எல்இடி பட்டை வைத்து எல்லாக் கம்பெனியும் செய்வதை அப்போது சாதாரண பல்பை வைத்தே செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று எரிந்துபோனால் மாற்றுகிற ஆளின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

#5 அட்லாண்டாவாசி

நான் இதை நேரில் பார்த்தேன். 2014ல் இங்கே அட்லாண்டாவில் ஹை அருங்காட்சியகத்தில் கனவுக் கார்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தார்கள், அதில் ஜீரோவும் இருந்தது. கார்களில் பெரிய ஆர்வமில்லாத என் மனைவி வேறு எந்த வண்டி முன்னாலும் நிற்கவில்லை, இதன் முன்னால் கால் மணி நேரம் நின்றாள்.

படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் ஒரே வித்தியாசம் அளவுதான், ஆனால் அந்த ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. படத்தில் ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் பெரிய வண்டி மாதிரி தெரியும். நேரில் என் இடுப்பைவிடத் தாழ்வு. கூரையைப் பார்க்க நான் குனிந்து பார்க்கிறேன். குழந்தைகளுக்கு மட்டும்தான் அது நேர்ப்பார்வையில் இருந்தது, அதனால் எல்லாக் குழந்தைகளும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இருக்கை சாக்லேட் கட்டி மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். மீட்டர்கள் ஸ்டீயரிங்குக்கு நேரே இல்லை, டிரைவருக்கு இடப்பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒளி ஊடுருவுகிற பலகை ஒன்றில் பொறித்திருக்கிறார்கள். கால் வைக்கிற ரப்பர் விரிப்பில் லேசான தேய்மானம் தெரிந்த மாதிரி எனக்குப் பட்டது, நாற்பத்து நாலு வருடத்தில் எத்தனை பேர் அதில் ஏறி இறங்கியிருப்பார்கள் என்று அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு குறை. கயிறு கட்டி மேடையில் நிறுத்தியிருந்தார்கள், சத்தம் கேட்க வழியில்லை. மூன்றாம்_கியர் சொல்வதைப் படித்தபிறகு அதுதான் உறுத்துகிறது. அந்த வி4 ஒரு தடவை உறுமிக் கேட்டிருந்தால் சிலையா வண்டியா என்ற கேள்வியே எனக்கு வந்திருக்காது.

#6 பழைய_சாவி

தடுப்புக் கட்டைக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. இது பெர்டோனே தரப்பிலிருந்து வளர்ந்த கதை, சொல்லச் சொல்ல மெருகு ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு. வாசல்காவலர் திகைத்தார், தொழிலாளிகள் கைதட்டினார்கள் என்றெல்லாம் ஒவ்வொருவரும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அடிப்படையில் நம்பமுடியாதது எதுவுமில்லை. மேலே அட்லாண்டாவாசி இடுப்பைவிடத் தாழ்வு என்றார், சாதாரணத் தடுப்புக் கட்டை இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். நூச்சியோ தன் வண்டிகளைத் தானே ஓட்டிக்கொண்டு போகிற ஆள்தான், 1963ல் ஷெவர்லே டெஸ்டூடோவை டுரினிலிருந்து ஜெனீவா கண்காட்சிக்கு அவரே ஓட்டிப் போனார்.

என் மனசில் நிற்பது வேறு ஒரு வருடம், 2011. மே மாதம் கோமோ ஏரிக்கரையில் வில்லா தெஸ்டேவில் நடந்த ஏலத்தில் பெர்டோனேயின் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஆறு வண்டிகள் விற்கப்பட்டன. பணமுடை. லம்போர்கினி மார்சல் 15.12 லட்சம் யூரோ, ஜீரோ 7.61 லட்சம், லம்போர்கினி பிராவோ 5.88 லட்சம், அத்தோன் 3.47 லட்சம், டெஸ்டூடோ 3.36 லட்சம், லான்சியா சிபிலோ வெறும் 95 ஆயிரம் சொச்சம். தலைமுறை தலைமுறையாகக் கொட்டகைக்குள் காப்பாற்றி வைத்த ஆறு பிள்ளைகளை ஒரே சாயங்காலத்தில் அனுப்பிவிட்டார்கள். அதற்கு மூன்று வருடம் கழித்து 2014ல் பெர்டோனேயின் வடிவமைப்புக் கம்பெனியான ஸ்டீலே பெர்டோனேவும் மூடப்பட்டது.

மிச்சம் இருந்த சேகரிப்பை இத்தாலி அரசு பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது, பிரிக்கக்கூடாது என்றது. 2015ல் இத்தாலியின் பழைய வாகன சங்கமான ஏஎஸ்ஐ 76 வண்டிகளையும் மொத்தமாக 34.45 லட்சம் யூரோவுக்கு எடுத்தது. இப்போது மில்லான் மல்பென்சா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வோலாந்தியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதே முடிவை நாலு வருடம் முன்னால் எடுத்திருந்தால் ஜீரோவும் மார்சலும் அங்கேயே தம்பி தங்கைகளோடு நின்றிருக்கும். எனக்கு இது ஆறவே இல்லை.

#7 மூன்றாம்_கியர்

களிமண்_மாதிரி தம்பிக்கு நன்றி, ஜெனீவா என்பது சரி, முதல் பதிவில் தப்பாக எழுதிவிட்டேன்.

ராலிப்பிரியன், நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். ஃபியோரியோவின் பிடிவாதம் இல்லாமல் ராலி வண்டி வந்திருக்காது என்பதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிடிவாதம் பெர்டோனேயிடம் ஏன் போய்ச் சேர்ந்தது? லான்சியா வழக்கமாகப் போகிற பட்டறைகள் அதே ஊரில் இருந்தனவே. ஃபுல்வியாவின் எஞ்சினையே எடுத்து நடுவில் வைத்து, இதோ உங்கள் சாமான்தான், இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன், பாருங்கள் என்று ஒரு ஆள் வாசலில் வந்து நிற்கிறான். யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல் செய்த வேலை அது. வேலை கேட்டு வந்தவன் சான்றிதழைக் காட்டுவதற்குப் பதில் வேலையையே செய்துகொண்டு வந்து காட்டிய மாதிரி. 1971 நவம்பரில் அதே டுரின் கண்காட்சியில் ராலி ஸ்ட்ராட்டோஸின் முதல் மாதிரி கண்ணைப் பறிக்கிற சிவப்பில் நின்றது. பிப்ரவரியிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம். அதற்கு முன்னால் ஜீரோ என்று ஒன்று ஓடியிராவிட்டால் ஒன்பது மாதத்தில் அது வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

#8 ராலிப்பிரியன்

ஒன்பது மாதக் கணக்கு எனக்கும் உறைத்தது. சரி, பாதி வழி வருகிறேன். வாசலைத் திறந்தது ஜீரோ. ஆனால் உள்ளே போனபிறகு நடந்ததையும் சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் விட்டால்தான் எனக்குக் கோபம். கதவின் உள்பக்கத்தில் ஹெல்மெட் வைக்கிற அளவுக்குக் குழி, முன்பக்கமும் பின்பக்கமும் மொத்தமாகத் திறந்து மெக்கானிக் கை எங்கேயும் நுழைகிற மாதிரி பாடி, டீனோ எஞ்சினைத் தருவதா வேண்டாமா என்று ஃபெராரியின் ஊரான மரனெல்லோவில் நடந்த இழுபறி, பந்தயத்தில் கலந்துகொள்ளும் ஒப்புதலுக்காக ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாக வண்டிகளைக் கட்டி முடிக்கப் பட்ட பாடு. 1975, 76, 77 என்று முனாரி தொடர்ந்து மூன்று வருடம் மான்டி கார்லோவை ஜெயித்ததற்கும், தொழிற்சாலை அணியே விலகியபிறகு 1979ல் பெர்னார் டார்னிஷ் அதே வண்டியில் மறுபடி ஜெயித்ததற்கும் இதெல்லாம்தான் காரணம்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஓடுகிற வண்டி என்பதால்தான் ஜீரோ வண்டி என்கிறீர்கள். அப்படியானால் இன்றைக்கும் அதை ஓட்ட வேண்டுமா? மொடுலோவை 2014ல் பினின்ஃபரினாவிடமிருந்து வாங்கியவர் அதை ஓடுகிற வண்டியாக மாற்றினார். 2019ல் மொனாக்கோ ரோட்டில் போகும்போது பின்பக்கம் தீப்பிடித்தது. உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற பொருளை அப்படி ரோட்டில் இறக்கலாமா?

#9 வண்ணப்பட்டறை

இறக்கலாம் என்பேன். நின்றுகொண்டே இருக்கிற வண்டி உள்ளேயிருந்து சாகும். பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், டேங்கில் துரு சேரும், ரப்பர் எல்லாம் கல்லாகிவிடும், ஆயில் சீல் காய்ந்து ஒழுகும். என்னிடம் வருகிற பழைய வண்டிகளில் ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதுதான் அதிகம். வருடத்துக்கு நாலு தடவை, மெதுவாக, பக்கத்தில் தீயணைப்பு உருளையோடு ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு ஓட்டட்டும். தகடு அடிபட்டால் தட்டி நிமிர்த்த எங்களை மாதிரி ஆட்கள் இன்னும் இருக்கிறோம்.

#10 பழைய_சாவி

அதில் எனக்கு ஒரு பயம். மற்ற வண்டியில் ஆபத்து என்றால் கதவைத் திறந்து குதிக்கலாம். இதில் இருக்கிற ஒரே வாசல் முன்கண்ணாடி. கவிழ்ந்தாலோ, முன்னால் எதன்மீதாவது மோதி நின்றாலோ உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார்? பின்னால் பார்க்கவும் வழி சரியாக இல்லை. டுரின் போக்குவரத்தில் நூச்சியோ இதில் போனார் என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

#11 களிமண்_மாதிரி

சார், ராலி வண்டியில் கதவு பக்கத்துக்கு வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். சக ஓட்டுநர் பாதி ராலியில் இறங்கி ஓடிப்போய் அட்டையில் நேரம் குறித்துவிட்டு வர வேண்டும், முன்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாம்_கியர் அண்ணா கேட்ட கேள்விக்கு என் பதில்: இந்த வாரம் ஜீரோவைப் பத்தில் ஒரு பங்கு அளவில் களிமண்ணில் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். உயரம் 8.4 சென்டிமீட்டர்தான் வருகிறது. உள்ளே இரண்டு ஆள், ஒரு எஞ்சின், ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றுக்கும் அட்டையில் அளவுபோட்டு வெட்டி வைத்துப் பார்த்தேன், ஆளின் முழங்காலும் முன்சக்கரமும் ஒன்றையொன்று இடிக்கின்றன. காந்தினி அதை எப்படித் தீர்த்தார் என்று இன்னும் பிடிபடவில்லை. அட்லாண்டாவாசி அண்ணா, நீங்கள் எடுத்த படங்களில் பெடல் பக்கம் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால் போடுங்கள்.

#12 அட்லாண்டாவாசி

இரண்டு படம் இருக்கிறது தம்பி, கொஞ்சம் இருட்டாகத்தான் விழுந்திருக்கிறது. பழைய போனில் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போடுகிறேன். மனைவி எடுத்த ஒன்றில் ரப்பர் விரிப்பும் பெடலும் சேர்ந்து வந்திருக்கும் என்று ஞாபகம்.